ஐம்பத்து மூன்றாம் வாரம்

வடதுருவ வட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிற எங்கள் லூலியோவில் தேதி சொல்லிப் பேசுகிற ஆள் கிடையாது. பல் டாக்டரிடம் போனால் "பதினாலாம் வாரம் வியாழக்கிழமை வா" என்பார். தெருவைத் தோண்டப்போவதாக நகராட்சி ஒட்டுகிற சீட்டில் வார எண்தான் இருக்கும். மே மாதம் பத்தொன்பது என்று யாராவது சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் கண்ணை மேலே செருகி, அது எத்தனையாவது வாரம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். புருஷன் பெண்டாட்டி பிரிந்தாலும் வாரக் கணக்கில்தான் பிரிகிறார்கள். பிள்ளை ஒற்றைப்படை வாரம் ஒரு வீட்டில், இரட்டைப்படை வாரம் இன்னொரு வீட்டில். "உன் பொண்ணு ஒத்தையா, ரெட்டையா?" என்று கடையில் பால் டப்பாவை எடுத்துக்கொண்டே கேட்பார்கள். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

தோருனின் மகள் தூவாவுக்கு ஒன்பது வயது. ஒற்றைப்படை வாரமெல்லாம் நகரத்துப் பக்கம், மூன்றாம் மாடியில் அம்மாவோடு. இரட்டைப்படை வாரமெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், பெரிநேசெட்டில், அப்பா ஹோகனின் மரவீட்டில். நடுவில் லூலே ஆறு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலம். நான்கு வருஷமாக இந்த ஏற்பாடு ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. தோருன் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே பேசுவாள். "எங்களுக்குள்ள எதுவும் ஒத்துப்போகல, காலண்டர் மட்டும் ஒத்துப்போகுது" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியே இருபத்தாறு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. இரும்பாலைப் புகை வளையாமல் நெட்டுக்குத்தாக நின்றது. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு வெளிச்சம் வராது, வந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்விடும். தோருன் ஓட்ஸ் கஞ்சியில் லிங்கன் என்கிற காட்டுப்பழத்தின் கூழை ஒரு கரண்டி விட்டு மகள் முன்னால் தள்ளினாள். கதவருகே இரண்டு ஆணிகள். ஒன்று அம்மா வீட்டுச் சாவிக்கு, இன்னொன்று அப்பா வீட்டுச் சாவிக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூவா இரண்டையும் ஒரே கயிற்றில் போட்டுப் பனியில் தொலைத்து, இரண்டு வீட்டுப் பூட்டையும் மாற்றவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கழுத்துக்கு ஒரு சாவிதான். திங்கட்கிழமை காலையில் சாவி மாறும்.

தோருன் கயிற்றில் இருந்த தன் வீட்டுச் சாவியைக் கழற்றினாள்.

"அம்மா, ஏன் மாத்தற? இது உன் வாரம்."

"அப்பா வாரம் கண்ணு. சீக்கிரம் சாப்பிடு."

"இல்லம்மா. இன்னைக்கு ஒண்ணாவது வாரம். ஒண்ணு ஒத்தப்படை."

"ஒண்ணு போன வாரமே முடிஞ்சுது. இன்னைக்கு ரெண்டு."

"போன வாரம் அம்பத்து மூணு. பள்ளிக்கூடக் காப்பகத்துச் சுவத்துல போட்டிருக்கு."

"அம்பத்து மூணா? வருஷத்துக்கு அம்பத்து ரெண்டு வாரம்தாண்டி. இங்க பாரு." தோருன் கைபேசியைத் திறந்து காட்டினாள். அவள் வேலையிடத்துத் திட்டப் பலகைதான் அது, சின்னதாக. மேலே வரிசையாக எண்கள். அடியில் மஞ்சள் பட்டை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அதுதான் தூவா. "இது என்ன நம்பர்? படி."

"ரெண்டு."

"ரெண்டு யாரோடது?"

"அப்பாவோடது," என்றாள் தூவா. கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "ஆனா காப்பகத்துல..."

"காப்பகத்துக் காலண்டர் பழசா இருக்கும். மூணேகால் மணிக்கு கிளம்பு, நாலாம் நம்பர் பஸ்ஸைப் பிடி. ஆத்துல இறங்கி நடக்கக் கூடாது, என்ன? போன வியாழக்கிழமை பாலத்துக்கிட்ட ஒருத்தன் பனி ஸ்கூட்டரோட உள்ள போயிட்டான். நல்லவேளை, ஆள இழுத்துட்டாங்க. ஐஸ் இன்னும் பிடிக்கல."

தூவா உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்தாள். எங்கள் வடக்கத்தி ஆட்கள் ஆமாம் என்பதை வாயால் சொல்வதில்லை, இப்படி "ஷ்ஷுப்" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் இவனுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பதறுவான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோருன் போனில் "வழக்கம்போலத்தானே? ஒத்தப்படை எனக்கு, ரெட்டப்படை உனக்கு" என்று கேட்டபோது ஹோகனும் அப்படித்தான் இழுத்தான். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது?

ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை ஐம்பத்து மூன்று வாரம் வரும். அது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தோருனுக்கும் தெரியும். போன தடவை வந்தபோது தூவாவுக்கு நாலு வயதுதான், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், எந்த வாரம் எப்படிப் போனால் யாருக்கென்ன? மறந்துவிட்டாள். மறந்தது தப்பில்லை. மகள் ஞாபகப்படுத்தியும் பலகையை நம்பினாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தோருனின் அலுவலகம் வடக்குத் துறைமுகத்தில், பழைய கிடங்கின் இரண்டாம் மாடியில். எட்டுப் பேர். நகராட்சியின் பனி அள்ளும் வண்டிகள் எந்தத் தெருவுக்கு எப்போது போகவேண்டும் என்று சொல்கிற மென்பொருளை எழுதுகிறார்கள். தோருன் அவர்களுக்குத் தலைவி. தலைவி என்றாலும் நீ, வா, போதான். எங்கள் ஊரில் ராஜாவைத் தவிர எல்லாரும் நீதான். முன்பெல்லாம் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதை மஞ்சள் காகிதத் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். கதவைத் திறந்தால் காற்றில் நாலு வேலை கீழே விழும். ஆகஸ்டில் தோருன்தான் இந்தப் பலகையைக் கொண்டுவந்தாள். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. ஆளுக்கு ஒரு வரி. வேலையெல்லாம் வண்ணப் பட்டைகள். ஒருவர் தலையில் தாங்க முடியாத அளவு ஏறினால் அவர் வரி சிவக்கும். பட்டையை விரலால் பிடித்து இழுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம், இல்லை இன்னொருத்தர் தலையில் போடலாம்.

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மகள் இருக்கிற வாரத்தில் தன்னால் நாலு நாள்தான் வேலை செய்ய முடியும் என்பதால், எட்டுப் பேருக்கும் கீழே ஒன்பதாவது வரியாக மகளையும் போட்டுவிட்டாள். பையன்கள் கேலி செய்தார்கள். "தூவாவுக்கு எப்ப சம்பளம் உயர்வு?" என்பான் இஸ்மெத். சின்ன வயதில் போஸ்னியாவிலிருந்து வந்தவன், இன்றைக்கு எங்களைவிட வடக்கத்தியாக இழுப்பு இழுப்பான். "ஒன்பது பேர்ல அவ ஒருத்திதான் எப்பவும் சிவக்கறதில்ல" என்பார் பெக்காரி. அவர் தோர்னே ஆற்றுப் பக்கத்து ஆள், அறுபதை நெருங்குகிறவர், மொத்தக் கூட்டத்திலும் பலகையைக் கண்டால் ஆகாத ஒரே ஆள்.

பலகை அமெரிக்காவில் செய்தது. அங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குமாம். அதை முதல் நாளே கண்டுபிடித்துத் திங்கட்கிழமை என்று மாற்றிவிட்டார்கள், மாற்றியதும் சிரித்துக்கொண்டார்கள். வருஷத்தின் முதல் வாரம் எது என்ற கேள்வி வேறொரு மூலையில் இருந்தது. அங்கே ஜனவரி ஒன்றாம் தேதி எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். இங்கே ஜனவரியின் முதல் வியாழக்கிழமை விழுகிற வாரம்தான் முதல் வாரம். அந்த மூலையை யாரும் திறக்கவில்லை. இலையுதிர் காலம் முழுக்க இரண்டு கணக்கும் ஒன்றாகவே போனது. புது வருஷத்தில் ஜனவரி ஒன்று வெள்ளிக்கிழமை விழுந்தது, இரண்டு கணக்கும் ஒரு வாரம் விலகிவிட்டன.

அன்று காலை எட்டுப் பேரும் வந்தபோது ஒருவர் முகத்திலும் பண்டிகைக் களை இல்லை. பலகையில் இரண்டு என்ற எண்ணுக்குக் கீழே மேலிருந்து அடிவரை ஒரு சிவப்புக் கோடு. நகராட்சியின் நாற்பது வண்டிகளும் புது மென்பொருளுக்கு மாறுகிற நாள். அந்தக் கோட்டை எட்டவேண்டும் என்று கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் எல்லாருமே வீட்டிலிருந்து வேலை பார்த்திருந்தார்கள். ஐந்து வரி சிவந்து கிடந்தது. தோருனின் வரி மற்றவர்களைவிட அடர்ந்த சிவப்பு.

"நாம வண்டிக்கு வழி சொல்றோம். இது நமக்கு வழி சொல்லுது," என்றார் பெக்காரி, தன் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டபடி. "எனக்கென்னமோ இந்தத் தடவை லீவு ஒரு வாரம் கம்மியாப் பட்டுச்சு."

"உனக்கு எப்பவும் அப்படித்தான் படும்," என்றாள் தோருன்.

"இல்ல தோருன். நெசமாத்தான் சொல்றேன். ஒரு வாரத்த யாரோ கறந்துட்ட மாதிரி இருக்கு."

"வயசாச்சு பெக்காரி," என்றான் இஸ்மெத். "ஒரு வாரம் இல்ல, முப்பது வருஷத்த கறந்திருக்காங்க. கண்ணாடியப் பாரு."

மத்தியானம் கீழ்க்கடையிலிருந்து பால்ட் வாங்கி வந்தார்கள். உருளைக்கிழங்கு மாவுருண்டை, உள்ளே பன்றிக்கறி, மேலே வெண்ணெய். தின்றால் தூக்கம் கண்ணைச் சுழற்றும், வேலை நாளில் யாரும் இரண்டுக்கு மேல் தொடமாட்டார்கள். பெக்காரி நாலு தின்றார். தோருன் ஒன்றில் பாதியை ஒதுக்கிவைத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. துறைமுகத்துப் பக்கம் ஆறு ஒரு தடவை உறுமியது. குளிர் ஏற ஏற ஐஸ் இப்படித்தான் முனகும். எல்லாருக்கும் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.

இரண்டரை மணிக்குப் புது மென்பொருளைத் திறந்துவிட்டார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஐந்தாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில் போன் அடித்தது. நகராட்சியில் வண்டிகளைக் கவனிக்கிற குன்பிரித். இஸ்மெத் எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டான்.

"என்னப்பா நடக்குது அங்க? என் டிரைவருங்க கத்தறாங்க. மெஷின்ல ஏதோ புதுப் படம் வந்து நிக்குதாம்."

"மாத்திட்டோம் குன்பிரித். சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல," என்றான் இஸ்மெத்.

"என்ன சொன்ன நாள்? ரெண்டாவது வாரம்னுதானே பேச்சு?"

"ரெண்டாவது வாரம்தான்."

"இன்னைக்கு ஒண்ணுதாம்ப்பா!"

 பெக்காரி பணப்பையிலிருந்து தபால்தலை அளவுக்கு மடிந்த ஒரு காகிதக் காலண்டரை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அம்பத்து ரெண்டு," என்று விரல் வைத்தார். "அம்பத்து மூணு. ஒண்ணு." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான் சொன்னேன்ல?"

முதலில் சிரித்தவன் இஸ்மெத். "அடப்பாவிங்களா! லீவை முழுங்கி, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கி, ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிருக்கோம்! குன்பிரித், உனக்கு இது கிறிஸ்துமஸ் பரிசுன்னு வெச்சுக்கோ!" அவன் சிரிக்க, மற்றவர்களும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பலகையால் கெடு தவறவில்லை, கெடுவையே முந்திவிட்டார்கள், என்ன பெரிய நஷ்டம்? பெக்காரிகூடத் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

தோருன் சிரிக்கவில்லை. அவள் பலகையின் அடியில், ஒன்பதாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பட்டை முடிந்து வெறுமையாக இருந்த கட்டம். மேலே இரண்டு என்று போட்டிருந்தது.

ஒன்று ஒற்றைப்படை. ஹோகன் சமையலறைச் சுவரில் வங்கிக் காலண்டர் மாட்டியிருப்பவன். அவனுக்கு இது தோருனின் வாரம். பிள்ளை இல்லாத வாரத்தில் அவன் வீட்டில் இருக்கமாட்டான். நேராக யொக்மொக் பக்கத்துக் குடிலுக்குப் போய் மீன் தூண்டில் போடுவான், விறகு பிளப்பான். அங்கே போன் எடுக்காது. புதன்கிழமை வேறு விடுமுறை, ஒரு வாரத்துக்கு வரமாட்டான்.

அவனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. தூவாவுக்கு அடித்தாள். அணைந்திருக்கிறது. இந்தக் குளிரில் கைபேசி சட்டைப்பையிலேயே செத்துப்போகும். காப்பகத்துக்கு அடித்தாள்.

"தூவாவா? மூணேகாலுக்கே கிளம்பிட்டாளே," என்றது அங்கிருந்த பெண் குரல். "அப்பா வீட்டுக்குன்னு சொன்னா. நான்கூட, இன்னைக்கு அம்மா வாரம் இல்லையான்னு கேட்டேன். அம்மா போர்டுல வேற மாதிரி இருக்குன்னு சொன்னா. ஏன், ஏதாவது பிரச்சினையா?"

தோருன் போனை வைத்துவிட்டாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். "நானும் வர்றேன் இரு" என்று பின்னால் பெக்காரி கத்தியது கேட்டது. அவள் நிற்கவில்லை.

காரில் வழியெல்லாம் ஹோகனுக்கு மறுபடி மறுபடி அடித்தாள். பாலத்தைத் தாண்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கழுத்தில் சாவி இருக்கிறது. வீட்டைத் திறந்து உள்ளே போயிருப்பாள். உள்ளே சூடு இருக்கும், ரொட்டி இருக்கும். படம் பார்த்துக்கொண்டு சோபாவில் கிடப்பாள். நான் போனதும் "நான் சொன்னேன்ல" என்பாள். சொல்லட்டும், நூறு தடவை சொல்லட்டும்.

தெருமுனையில் திரும்பியதும் ஜன்னலில் விளக்கு தெரிந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். கிட்டத்தில் போனதும் அது பண்டிகைக்கு வைக்கிற ஏழு கிளை மின்விளக்கு என்று தெரிந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று மணிக்குத் தானாக எரியும், பதினொன்றுக்குத் தானாக அணையும். அந்த விளக்கை வாங்கியதே அவள்தான். வாசலில் பனி அள்ளவில்லை. ஹோகனின் கார் இல்லை.

கதவைத் தட்டினாள். பூட்டியிருந்தது. "தூவா! தூவா!" அந்த வீட்டுச் சாவியை அவள் காலையில்தான் மகள் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தாள். சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடியில் வைத்தாள். மேசையில் ஒரு டம்ளர், பாதி பால். நாற்காலி ஒன்று சுவரோரம் இழுத்துப் போட்டிருந்தது, யாரோ அதன் மேல் ஏறி நின்றதுபோல. நாற்காலிக்கு நேர் மேலே காலண்டர். ஹோகன் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு வாரத்துக்கும் எழுத்துப் போட்டிருந்தான். ஐம்பத்து மூன்றுக்கு தோ. ஒன்றுக்கும் தோ. இரண்டுக்கு ஹோ.

வந்து, பால் குடித்து, காலண்டரைப் பார்த்து, கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எங்கே போனாள்?

தோருன் வாசலில் வெளிச்சத்தை அடித்தாள். சின்ன பூட்ஸ் தடம், பஸ் நிறுத்தத்திலிருந்து கதவுக்கு வந்திருந்தது. கதவிலிருந்து போன தடம் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, ஆப்பிள் மரத்தைத் தாண்டி, நேராக ஆற்றில் இறங்கியிருந்தது.

  அவசர எண்ணை அழுத்தினாள். மணி ஒரு தடவை ஒலித்தது. திரை கறுத்தது. குளிர் அவள் கைபேசியையும் கொன்றுவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் வெளிச்சம் இருந்தது. ஒரு கதவைத் தட்டலாம். தட்டி, விளக்கிச் சொல்லி, அவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவதற்குள்? தோருன் தடத்தின் மேலேயே இறங்கிவிட்டாள்.

ஐஸ் தடிமனை அளந்து பார்த்த பிறகுதான் நகராட்சி ஆற்றின் குறுக்கே ஃபிர் மரக் கிளைகளை நட்டு வழி காட்டும். அன்று ஒரு கிளையும் நடவில்லை. நிலா இல்லை. அக்கரையில் நகரத்து விளக்குகள், வலப்பக்கம் பாலத்து விளக்குகள், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாத வெளி. பனிமேல் அந்தச் சின்னத் தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தடத்துக்கு ஒரு காலடி என்று வைத்து நடந்தாள். அறுபத்தைந்து கிலோ எடை தனக்கு என்பது ஒவ்வொரு காலடியிலும் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு இருபத்தெட்டுதான், அவளைத் தாங்கியிருக்கும், தாங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

காலுக்கடியில் எங்கோ தூரத்தில் தொடங்கி ஒரு வெடிப்பு ஓடிவந்து அவளைக் கடந்து போயிற்று. நின்றாள். காது கேட்கிற தூரத்தில் தண்ணீர் சத்தம் இருந்தது. தடம் பாலத்துப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம்தான் நீரோட்டம், அந்தப் பக்கம்தான் வியாழக்கிழமை ஒருவன் உள்ளே போனான். "அங்க ஏண்டி போன," என்று தோருன் அழுதாள். "பஸ்ல போன்னு சொன்னேனே." பஸ்ஸில் எந்த வீட்டுக்குப் போகச் சொன்னாய் என்று உடனே அவள் மனமே கேட்டது.  நாலு வருஷப் பெருமையும் அந்த இருட்டில் நாறிப்போயிற்று.

பாலத்திலிருந்து ஐம்பது அறுபது காலடி தள்ளித் தடம் திரும்பியது. மறுபடி ஆற்றின் நடுப்பக்கம் வந்தது. அங்கே ஓரிடத்தில் பனி வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு ஆள் கைகோத்து நிற்கிற அகலம். சின்னத் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, சுற்றிச் சுற்றி. அதில் நின்றிருக்கிறாள். வெகுநேரம் நின்றிருக்கிறாள். ஏன் என்று தோருனுக்குப் புரியவில்லை. யாரும் வந்தார்களா? வேறு தடம் இல்லை. வட்டத்துக்கு நடுவில் மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. கெட்டியாகவே இருந்தது.

வட்டத்திலிருந்து ஒரே ஒரு தடம் நகரத்துப் பக்கம் போயிற்று. காற்று அதன் மேல் பனித்தூளைத் தள்ளிக்கொண்டிருந்தது. இருபது அடியில் மங்கியது. நாற்பது அடியில் இல்லை. தோருன் நகரத்து விளக்குகளை நேராக வைத்து ஓடினாள், இனி வெடித்தால் வெடிக்கட்டும் என்று.

கரை ஏறி, தெற்குத் துறைமுகத்தைத் தாண்டி, தன் கட்டடத்துக்கு வந்தபோது கண்ணிமை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் போலீசைக் கூப்பிடவேண்டும், அதற்குத்தான் வந்தாள். மகளிடம் இந்த வீட்டுச் சாவி இல்லை. காலையில் தன் கையால் கழற்றினாள், மறக்கவில்லை. மாடிப்படி விளக்கு எரியவில்லை. அது பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிஷம் எரிந்துவிட்டு அணைகிற விளக்கு. பொத்தானைத் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் இருட்டிலேயே ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடையது இல்லை.

டப் என்று விளக்கு எரிந்தது. பொத்தானுக்கடியில், கதவில் முதுகைச் சாய்த்து, பனி உடுப்பைக் கழற்றாமல், தூவா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் இரண்டு வெள்ளைத் திட்டு.

தோருன் அவள் மேல் விழுந்தாள். கன்னத்தில் கன்னத்தை வைத்தாள், விரல் ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பிடித்துப் பார்த்தாள். அடிக்க வந்ததா, அழ வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆத்துல இறங்காதேன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல?"

"பஸ்ஸுக்குக் காசு அட்டை போன்ல இருக்கு. போன் செத்துப்போச்சு."

"அப்பா வீட்லயே இருக்க வேண்டியதுதானே? சாவி இருந்துச்சே!"

"காலண்டர்ல ஒண்ணு உன்னோடதுன்னு இருந்துச்சு," என்றாள் தூவா. உதடு சரியாக மூடவில்லை, சொற்கள் குழறின. "அப்பா வரமாட்டார்ல. ஆனா இங்க வந்தா, உன் போர்டுல ரெண்டு. நீயும் வரமாட்டே. நீ வேலை வாரத்துல லேட்டாத்தானே வருவே."

"அதுக்கு நடு ஆத்துல போயி ஏண்டி நின்ன? ஏன் சுத்திச் சுத்தி வந்த?"

தூவா யோசித்தாள். விளக்கு அணைந்தது. எட்டிப் பொத்தானை அழுத்தினாள், அதில் அவளுக்குப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"அது யாரோட பக்கமும் இல்லையேன்னு பார்த்தேன். இது யாரோட வாரமும் இல்ல. அதான் அங்கயே நின்னா யாராவது ஒருத்தர் ஒரு பக்கத்துலேர்ந்து வருவீங்கன்னு நெனச்சேன். பாலத்துப் பக்கம் போனா காருல போறவங்களுக்குத் தெரியும்னு அங்கயும் போனேன். அப்பறம் கால் வலிச்சுது."

தோருன் எழுந்து சாவியைத் துழாவினாள். கதவைத் திறந்து அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். உடுப்பைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்து, போர்வையைச் சுற்றி அடுப்படியிலேயே உட்காரவைத்தாள். கைபேசியைச் சார்ஜில் போட்டு டாக்டரை அழைத்துக் கேட்டாள், விரல் நிறம் திரும்புகிறதா பார், திரும்பினால் பயமில்லை என்றார். திரும்பியது. கன்னத்துத் திட்டும் சிவந்தது. மக்ரோனியும் தொத்திறைச்சியும் வாணலியில் போட்டாள், பாதி அடுப்பு மேல் கொட்டியது.

எட்டு மணிக்கு ஹோகன் அழைத்தான். பெட்ரோல் போட மெயின் ரோட்டுக்கு வந்தவனுக்குப் பதினோரு அழைப்பு காட்டியிருக்கிறது.

"என்ன ஆச்சு? தூவாவுக்கு ஏதாவதா?"

"நல்லா இருக்கா. இங்கதான் இருக்கா."

"பின்ன ஏன் இத்தனை தடவ அடிச்ச? உயிரே போச்சு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இது உன் வாரம்தானே?" என்றான்.

மகள் கரண்டியை வைத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் தோருன். "என் வாரம்தான். தப்பு என்னோடது. நீ நாளைக்கு இங்க வா, நேர்ல பேசலாம்."

அந்தப் பக்கம் ரோட்டு இரைச்சல்தான் கேட்டது. காற்றை இழுத்தானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வாய்ல சொல்லு ஹோகன்," என்றாள். "வர்றேன்னு வாய்ல சொல்லு."

"வர்றேன்," என்றான் ஹோகன்.

போனை வைத்துவிட்டுக் கதவருகே போனாள். ஆணியிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து, மகள் கழுத்துக் கயிற்றில் ஏற்கெனவே இருந்த அப்பா வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கோத்தாள். இரண்டும் மோதிக் கிணுகிணுத்தன.

"இனிமே ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். தொலைஞ்சாலும் பரவால்ல, பூட்டை மாத்திக்கலாம். எந்த வாரமா இருந்தாலும் எந்த வீட்டையும் நீ திறக்கலாம். சரியா?"

தூவா கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். இரண்டு சாவியையும் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள்.

"சாவி வேணாம்மா," என்றாள். "நான் வரும்போது உள்ளேர்ந்து யாராவது திறங்க."

சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்து, ஆறிப்போன மக்ரோனியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.